பின்வரிசையில் 55 ஆண்டுகள்

நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் ஓரின் ஓ'பிரையன் டபுள் பேஸ் (நிற்க வைத்து வில்லால் வாசிக்கும், மிகத் தாழ்ந்த ஒலியுள்ள பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்கச் சேர்ந்தது 1966-ல். ஓய்வு பெற்றது 2021-ல். அந்த 55 ஆண்டுகளில் அங்கே இசை நடத்துநர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள்: லியோனார்ட் பெர்ன்ஸ்டைன், பியர் பூலெஸ், நம் மும்பைக்காரர் ஜூபின் மேத்தா, குர்ட் மாசூர், லோரின் மாஸெல், ஆலன் கில்பர்ட், யாப் வான் ஸ்வீடன். ஓ'பிரையன் பேஸ் வரிசையிலேயே இருந்தார். மற்ற நேரத்தில் சொல்லிக் கொடுத்தார். வாசிப்பும் வாத்தியார் வேலையும்தான் அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதும்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. நம் கச்சேரி விமர்சனங்களிலேயே பாடகருக்குப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு, கடைசியில் "வயலினும் மிருதங்கமும் அனுசரணையாக இருந்தன" என்று ஒரு வரி போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். மேற்கத்திய இசையைப் பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகளும் இசையமைப்பாளர், இசை நடத்துநர், தனி வயலின் மேதை என்று முன்னால் நிற்பவர்களோடு முடிந்துவிடுகின்றன. பின்னால் இருந்து வாழ்நாள் முழுக்க வாசித்தவர்களின் கலை என்ன என்று எழுத எனக்கு நெடுநாள் ஆசை. அதற்கு ஓ'பிரையனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். அவருடைய தம்பி மகள் மாலி ஓ'பிரையன் அவரைப் பற்றி எடுத்த குறும் ஆவணப்படம் 2025-ல் ஆஸ்கர் விருது வாங்கியது. அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான படம். அத்தைக்கு ஆரம்பத்தில் அதில் இஷ்டமே இல்லை. தன்னைப் பற்றிப் படம் எடுக்க என்ன இருக்கிறது என்பதுதான் அவர் நிலை.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அவர் பிறந்தது 1935-ல், ஹாலிவுட்டில், சினிமாக் குடும்பத்தில். அப்பா ஜார்ஜ் ஓ'பிரையன் மௌனப்பட காலத்தின் பெரிய கதாநாயகன். அம்மா மார்கரீட் சர்ச்சில், ஜான் வெய்னுக்கு ஜோடியாக நடித்தவர். புகழ் வாசல் வழியாக வந்ததையும் பிறகு மெல்லப் போனதையும் வீட்டுக்குள் இருந்தே பார்த்து வளர்ந்த பெண், வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போய் நின்றார். இரண்டாம் இடத்தில் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதவர்தான் வாழ்க்கையை நன்றாக அனுபவிக்க முடியும் என்ற பொருளில் அவர் அந்தப் படத்தில் பேசுகிறார். ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்கிற பேச்சாக அது எனக்குப் படவில்லை. 55 வருடம் அப்படியே வாழ்ந்து காட்டியவர் சொல்கிறார், நம்புகிறேன்.

கலிஃபோர்னியாவில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் ஹெர்மன் ரைன்ஸ்ஹாகன். அதற்கு முன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் பேஸ் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். பிறகு ஓ'பிரையன் நியூயார்க்கில் ஜூலியர்ட் பள்ளியில் ஃப்ரெடரிக் ஸிம்மர்மனிடம் படித்தார். ஸிம்மர்மனும் ரைன்ஸ்ஹாகனின் மாணவர்தான், அவரும் அதே ஆர்கெஸ்ட்ராவில் பல காலம் வாசித்தவர்தான். குரு வழியாக வருகிற பாணியை நாம் பாடாந்தரம் என்று சொல்கிறோமே, அது அங்கேயும் உண்டு. நியூயார்க் சிட்டி பாலேயின் ஆர்கெஸ்ட்ரா, ஸ்டொகோவ்ஸ்கி நடத்திய அமெரிக்கன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா இவற்றில் எல்லாம் வாசித்த அனுபவத்தோடுதான் ஓ'பிரையன் 1966-ல் ஃபில்ஹார்மோனிக்குக்குள் வந்தார்.

அது ஆண்களின் கோட்டை. 1920-களில் ஸ்டெஃபனி கோல்ட்னர் என்ற ஹார்ப் கலைஞர் அங்கே இருந்திருக்கிறார். அவர் போன பிறகு பல பத்தாண்டுகள் முழு நேர உறுப்பினராக ஒரு பெண்கூட இல்லை. ஓ'பிரையன் வந்ததும் பத்திரிகைகள் மொய்த்தன. ஒரு பெரிய பத்திரிகை அவருடைய உடலின் வளைவை அவர் வாசிக்கும் வாத்தியத்தின் வளைவோடு ஒப்பிட்டு எழுதியது. அவர் வில் பிடிக்கும் விதம், அவருடைய சுருதி சுத்தம், இதைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை. இன்றைக்குப் படித்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. இது அமெரிக்காவின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் முதல் பெண் நுழைந்தது 1982-ல். வியன்னா ஃபில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினர்களாக ஏற்றுக்கொண்டது 1997-ல். 2022-ல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் கணக்கு 45 பெண்கள், 44 ஆண்கள். ஓ'பிரையன் ஓய்வு பெற்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

"ஆண்கள் நடுவே ஒரே பெண்" என்ற தலைப்போடு அவர் கதையை முடித்துவிடுவது சுலபம். எனக்கு அதற்கு மேலே போக வேண்டும். அந்த 55 வருடமும் அவர் என்ன வேலை செய்தார்?

டபுள் பேஸ் வயலின் குடும்பத்தோடு உட்காரும், ஆனால் அதன் நடைமுறை வேறு. வயலின், வியோலா, செல்லோ மூன்றிலும் அடுத்தடுத்த தந்திகளுக்கு நடுவே உள்ள தூரம் ச-ப. பேஸில் ச-ம. எழுதியிருக்கிற சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். நான்கு தந்தி பேஸின் மிகக் கீழான தந்தி வினாடிக்குச் சுமார் 41 அதிர்வு. அதற்கும் கீழே போகவேண்டிய இடங்கள் இருப்பதால் பல ஆர்கெஸ்ட்ராக்களில் அந்தத் தந்தியைத் தலைப்பக்கம் நீட்டிக் கட்டியிருப்பார்கள். ஐரோப்பாவில் ஐந்து தந்தி வைத்த பேஸும் சகஜம். அப்போது சுமார் 31 அதிர்வு வரை இறங்கலாம். நம் கைபேசி ஸ்பீக்கரில் இந்த ஒலி வெளியே வரவே வராது. அதன் மேல் சுரங்களை மட்டும் கேட்டுவிட்டு அடிச்சுரத்தை மூளை தானாகப் போட்டுக்கொள்கிறது. ஆகவே கைபேசியில் சிம்பொனி கேட்கிறவர்கள் ஓ'பிரையனைப் போன்றவர்களின் உழைப்பைக் கேட்பதே இல்லை. நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டபோதுதான் பழகிய சிம்பொனிகளுக்குக் கீழே இன்னொரு தளம் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

பெங்களூரில் நண்பர் ஒருவர் டபுள் பேஸ் வைத்திருக்கிறார். சின்ன வயதில் நான் கர்நாடக வயலின் கற்றுக்கொண்டவன் என்பது அவருக்குத் தெரியும். "இங்க வா, விரலை வச்சுப் பாரு" என்று அந்த மனுஷன் வாத்தியத்தை என் தோளில் சாய்த்துவிட்டார். கழுத்து பிடிக்குள் அடங்கவில்லை. வயலினில் தந்தியின் ஒலிக்கும் நீளம் சுமார் 33 செ.மீ. இதில் சுமார் 105 செ.மீ. வெறும் தந்தியிலிருந்து ச-வுக்கு அடுத்த சதுச்ருதி ரி-யைப் பிடிக்க வயலினில் மூன்றரை செ.மீ. நகர்ந்தால் போதும். பேஸில் பதினொன்றரை செ.மீ. போக வேண்டும். அந்தச் சுரத்தை நான் தேடிப் பிடிப்பதற்குள் கை வலித்துவிட்டது. வில்லில் தேய்க்கும் ரோசின் பிசின் வேறு ரகம், பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தால் உடனே சத்தம் வரவில்லை. ஒரு கணம் தயங்கிவிட்டு வந்தது. வந்தபோது காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரிந்தது, ஏனென்றால் வாத்தியம் நிற்கிற கம்பி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தத் தயக்கம்தான் இந்தத் தொழிலின் முதல் பாடம். தடித்த தந்தி அசைந்து பேசத் தொடங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வயலின்காரர் தாளத்தின் மேல் வில்லை வைத்தால் சுரம் தாளத்தின் மேல் விழும். பேஸ்காரர் அதே நேரத்தில் வைத்தால் சுரம் பின்தங்கிவிடும். "பேஸ் தாமதம்" என்று இசை நடத்துநர்கள் ஒத்திகையில் காலங்காலமாகச் சொல்லும் புகாருக்கு இதுதான் காரணம். அதனால் பேஸ்காரர் ஒரு நூலிழை முன்னாலேயே வேலையைத் தொடங்க வேண்டும். அந்த நூலிழை எவ்வளவு என்பது தந்திக்குத் தந்தி, அரங்குக்கு அரங்கு மாறும். யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. இதை ஒருவர் செய்வதே கஷ்டம். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரே ஆளைப்போல் செய்கிறார்கள்.

எட்டுப் பேர் ஒரே ஆளாவது எப்படி? இசைத்தாள் வைக்க இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. உள்பக்கம் நிற்பவர் பக்கம் திருப்புவார், அந்த ஒரு நொடி மற்றவர் இருவருக்கும் சேர்த்து வாசிப்பார். வில் மேலே போவதும் கீழே வருவதும் எல்லோருக்கும் ஒன்று. பிரிவின் தலைவர் வில்லின் எந்தப் பகுதியில் வாசிக்கிறாரோ அதே பகுதியில் மற்றவர்களும் வாசிக்க வேண்டும். தன் பேஸின் ஒலி தனக்குத் தனியாகக் கேட்டால் தன்னிடம் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். தனி ஆளாகப் பத்து மணி நேரம் சாதகம் செய்து கைவரப்பெற்ற அழகை, மற்ற ஏழு பேரின் ஒலிக்குள் கரைத்துவிட வேண்டும். ஓ'பிரையன் பிரிவின் தலைவராக இருந்தவர் அல்ல. பிரிவுக்குள் ஒருவர். இந்தக் கரைவதைத்தான் அவர் 55 வருடம் செய்தார். தன்னை அழித்துக்கொள்வது என்று இதைச் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காது கூர்மையாக இல்லாதவர் கரைய முடியாது. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யப்போகிறார் என்பது செய்வதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வாழ்க்கை நடத்துவதற்கும் அந்த வேலை போதுமானதாக இருந்தது, இதையும் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்குச் சீசன் முடிந்தால் சம்பளம் நின்றுவிடும். கோடையில் வேறு வேலை தேடுவார்கள். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் கலைஞர்கள் வருடத்தின் 52 வாரத்துக்கும் ஒப்பந்தம் வாங்கியது 1964-ல். ஓ'பிரையன் சேர்ந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. பின்வரிசைக் கலைஞர் ஒருவர் நிம்மதியாக மூச்சுவிட்டு, அதில் முழுசாக ஊறி, பாக்கி நேரத்தில் மாணவர்களை வளர்க்க முடிந்ததற்கு இந்த ஒப்பந்தம் எவ்வளவு காரணம் என்று யோசித்துப் பார்க்கிறேன். கலையைப் பற்றிப் பேசும்போது நாம் சம்பளத்தைப் பேசமாட்டோம். பேசினால் நல்லது.

இந்த வாத்தியத்தை வேறு விதமாக வாழ்ந்தவர்களும் உண்டு. கேரி கார், ஓ'பிரையனைப் போலவே ரைன்ஸ்ஹாகனிடம் படித்தவர், லாஸ் ஏஞ்சலிஸ்காரர். 1962-ல் பெர்ன்ஸ்டைனின் தொலைக்காட்சிக் கச்சேரியில் இருபது வயதுப் பையனாக வாசித்துப் புகழ்பெற்று, கடைசிவரை தனி வாத்தியக் கலைஞராகவே இருந்தார். அவருக்கு முன்னால் 19-ம் நூற்றாண்டில் இத்தாலியின் போட்டெசினி இருந்தார். அவர் பேஸுக்கு வந்த கதை சுவாரசியமானது. மிலான் இசைக் கல்லூரியில் உதவித்தொகை மிச்சம் இருந்தது இரண்டே வாத்தியத்துக்கு, பஸூன் என்ற ஊதுகுழலும் டபுள் பேஸும். வசதியில்லாத பையன் பேஸை எடுத்தார். ஐரோப்பா முழுக்க அவர் வாசிப்பைக் கேட்டு வாய்பிளந்தது. கேரி காரை நான் ரசித்துக் கேட்கிறேன். பேஸால் பாட முடியும் என்று காட்டியதற்காக அவருக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனாலும் ஒரே ஆசிரியரிடம் படித்த இந்த இருவரில் என் மனம் அதிகம் போவது ஓ'பிரையன் பக்கம்தான். பேஸ் இல்லாமல் வயலின் கச்சேரி நடக்கும், பியானோ கச்சேரி நடக்கும். பேஸ் எதற்காகப் பிறந்ததோ அது ஆர்கெஸ்ட்ராவுக்குள்தான் முழுமையாக நடக்கிறது.

அதற்குச் சாட்சி வேண்டுமானால் பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ரா ஒரு கூச்சலோடு தொடங்கும். செல்லோவும் பேஸும் சேர்ந்து அதற்குப் பதில் சொல்லும், மனிதர் பேசுவதுபோலவே. முதல் பகுதியின் இசை எட்டிப் பார்க்கும், பேஸ் வேண்டாம் என்று வெட்டிவிடும். இரண்டாம் பகுதி வரும், அதையும் வெட்டும். மூன்றாவது வரும், அதற்குக் கொஞ்சம் இளகும், ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்லும். மனிதக் குரல் பாடுவதற்கு வெகு முன்னாலேயே அந்த இடத்தில் பேஸ்கள் பாடகர்களாகிவிடுகின்றன. அப்புறம்தான் உலகமே அறிந்த அந்த ஆனந்த மெட்டு. அதை முதன்முதலில் முழுசாகச் சொல்வது செல்லோவும் பேஸும் மட்டும். பக்கவாத்தியம் எதுவும் இல்லை, மெல்லிய ஒலி. அந்த மெட்டைப் பின்வரிசைக்காரர்கள் கையில் பேத்தோவன் 1824-ல் கொடுத்திருக்கிறார்.

பேஸ் என்றாலே யானை என்று ஒரு வழக்கம் உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1886-ல் மிருகங்களை வைத்து எழுதிய தொகுப்பில் பேஸுக்கு யானையைத்தான் கொடுத்தார். எனக்கு அந்தத் துண்டு பிடிக்கும், ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் வருத்தம். ஒன்பதாவது சிம்பொனியின் அந்த இடத்தைக் கேட்டவர்கள் யானையை நினைக்கமாட்டார்கள்.

சரி, சொல்லிக் கொடுப்பதற்கு வருகிறேன். மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக், மேன்ஸ், ஜூலியர்ட் என்று நியூயார்க்கின் முக்கியமான இசைப் பள்ளிகளில் ஓ'பிரையன் ஆசிரியராக இருந்தார். வீட்டிலும் பாடம் நடந்தது.

பேஸ் ஆசிரியர் முதலில் உடம்பைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நின்று வாசிப்பதா, உயர ஸ்டூலில் சாய்ந்து வாசிப்பதா என்பதிலிருந்து தொடங்கும் அது. இடுப்பும் தோளும் கெட்டுப்போகாமல் நாற்பது வருடம் வாசிக்க முடிய வேண்டும் அல்லவா? வில்லை மேலிருந்து பிடிக்கும் பிரெஞ்சு முறையா, கீழிருந்து பிடிக்கும் ஜெர்மன் முறையா என்பது அடுத்தது. பிறகு இடது கை. போஹேமியாவில் பிறந்து வியன்னாவில் 1869 முதல் 1910 வரை கற்பித்த ஃபிரான்ஸ் சிமாண்டல் இதற்கு ஒரு வழி வகுத்து வைத்திருக்கிறார். கீழ் ஸ்தானங்களில் ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றுதான் சுரத்தை அழுத்தும். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக நிற்கும். கை ஒரு இடத்தில் இருக்கும்போது ஒரு முழு சுரத் தூரம்தான் கிடைக்கும். வயலினில் நான்கு விரலில் ச-விலிருந்து ம வரை போய்விடலாம். இதில் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொரு மாற்றத்திலும் சுருதி தப்ப வாய்ப்பு உண்டு. சிமாண்டலின் புத்தகம் இன்றும் மாணவர்கள் கையில் இருக்கிறது. அமெரிக்கப் பதிப்பைத் திருத்தியவர் ஓ'பிரையனின் ஆசிரியர் ஸிம்மர்மன். வலது கைக்கு ஸிம்மர்மனே தனியாக ஒரு புத்தகம் எழுதினார், வில்லைத் தந்திக்குத் தந்தி எப்படிக் கொண்டுபோவது என்று. அது வந்தது 1966-ல், மாணவி ஃபில்ஹார்மோனிக்கில் சேர்ந்த அதே வருடம். அடுத்த வருடம் ஸிம்மர்மன் இறந்துபோனார். அவர் வைத்துவிட்டுப் போனதை ஓ'பிரையன் எடுத்துக்கொண்டு இன்னும் அரை நூற்றாண்டு நடத்தினார்.

இதெல்லாம் வந்த பிறகு வேலைக்கான தேர்வு. அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் தேர்வுக்கு வருபவர் திரைக்குப் பின்னால் வாசிப்பார். ஆணா பெண்ணா என்று காலடிச் சத்தத்தில்கூடத் தெரியக்கூடாது என்று தரையில் கம்பளம் விரிப்பதுண்டு. ஓ'பிரையன் தொழிலுக்கு வந்த தலைமுறைக்குப் பிறகு பெண்களுக்குக் கதவு திறந்ததில் இந்தத் திரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு காலி இடத்துக்கு ஏராளமானவர்கள் வருவார்கள். கச்சேரி உருப்படி ஒன்றை வாசிக்கச் சொல்வார்கள், ஆனால் முடிவைத் தீர்மானிப்பது சிம்பொனிகளில் இருந்து வெட்டியெடுத்த சின்னச் சின்னத் துண்டுகள். மோஸார்ட்டின் நாற்பதாவது, பேத்தோவனின் ஐந்தாவது, ஒன்பதாவது, பிராம்ஸ், ஸ்ட்ராஸ். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட வராது. அதில் தாளம், சுருதி, ஒலியின் குணம் எல்லாம் தெரிந்துவிடும். முக்கியமாக, இவர் மற்ற ஏழு பேரோடு சேர்வாரா என்பது தெரிந்துவிடும். இதைச் சொல்லிக் கொடுக்க ஆர்கெஸ்ட்ராவுக்குள் வாழ்ந்தவரால்தான் முடியும் என்பது என் எண்ணம். காலையில் மாணவருக்குச் சொன்னதை மாலையில் மேடையில் தானே செய்து பார்க்கிறவர் அவர்.

அந்தத் துண்டுகளில் ஒன்று பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் மூன்றாம் பகுதியில், நடுவே வருகிறது. செல்லோவும் பேஸும் தனியாக ஒரு வேக ஓட்டத்தைத் தொடங்கும், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். கொஞ்சம் கழித்து மறுபடி தொடங்கப் பார்க்கும், நின்றுவிடும். இன்னொரு தடவை தொடங்கும், நின்றுவிடும். மூன்றாவது தடவைதான் கிளம்பிப் போகும். ஒவ்வொரு சுரமும் எட்டு வில்லிலும் தனித்தனியாக, சுத்தமாக, ஒரே கணத்தில் கேட்க வேண்டும். மாணவர்கள் இதைப் பாதி வேகத்தில், கால் வேகத்தில், ஒரு தந்தி மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்து என்று மாதக்கணக்கில் சாதகம் செய்வார்கள். கேட்கிறவர்களுக்கு அது சில வினாடிகள்.